முழங்கால் வீங்கிய பிள்ளை: சீழா, வாதமா?

திருகோணமலை மாவட்டத்துக்கு முதல் நியமனத்தில் வந்திருக்கும் இளம் வைத்தியர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் யாழ்ப்பாணத்தில் படித்திருக்கலாம், மட்டக்களப்பில் இன்டர்ன்ஷிப் முடித்திருக்கலாம். எங்கே படித்திருந்தாலும் மூதூரிலோ குச்சவெளியிலோ ஈச்சிலம்பற்றிலோ ஓர் இரவு, காலைத் தொடவிடாமல் அலறும் மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் உங்கள் முன்னால் வந்து நிற்பார். பக்கத்தில் நிபுணர் இருக்கமாட்டார். லாபில் ஒருவர் மட்டும் இருப்பார். முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

அந்தப் பிள்ளையின் மூட்டுக்குள் சீழ் இருக்கலாம். அல்லது சிறுவர்களுக்கு வரும் நாட்பட்ட மூட்டுவாதத்தின் முதல் முகமாக இருக்கலாம். நாம் வாட்டில் ஜே.ஐ.ஏ. என்று சொல்வது இதைத்தான்: 16 வயதுக்கு முன் தொடங்கி, 6 கிழமையாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் காணமுடியாத மூட்டழற்சி. வெளியில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே தோற்றம். வீக்கம், சூடு, வலி, மடக்க முடியாத கால்.

ஆனால் இரண்டுக்கும் கடிகாரம் வேறு. சீழ் பிடித்த மூட்டில் பக்டீரியாவும் அதை எதிர்க்க வந்த வெண்குருதிக் கலங்களும் விடும் நொதியங்கள் குருத்தெலும்பை அரிக்கும். விலங்குப் பரிசோதனைகளில் அந்தச் சேதம் 8 மணித்தியாலத்துக்குள்ளேயே தொடங்குவதைக் கண்டிருக்கிறார்கள். இடுப்பு மூட்டு என்றால் இன்னும் மோசம். உள்ளே அழுத்தம் ஏறி, தொடையெலும்பின் தலைக்குப் போகும் இரத்தமே நின்றுவிடும். ஜே.ஐ.ஏ. அப்படியல்ல, அது கிழமைகளிலும் மாதங்களிலும் வேலை செய்யும் நோய். வாதத்தைச் சீழென்று நினைத்து ஓர் ஊசி குத்திப் பார்த்தால் பிள்ளைக்குப் போவது ஓர் இரவுத் தூக்கம். சீழை வாதமென்று நினைத்து மூன்று நாள் காத்திருந்தால் போவது ஓர் இடுப்பு. இந்தக் கணக்கு மனதில் பதிந்தால் மற்ற எல்லாம் ஒழுங்காக வரும்.

கையை வைக்க முன் பாருங்கள்

ஓ.பி.டி. வாசலில் இருந்தே பரிசோதனை தொடங்குகிறது. பிள்ளை நடந்து வந்ததா, தூக்கிக்கொண்டு வந்தார்களா? தூக்கிக்கொண்டு வந்திருந்தால், தாயின் மடியில் இருத்தி, இரண்டு அடி தள்ளி ஒரு டொஃபியைக் காட்டிப் பாருங்கள். நொண்டி நொண்டியாவது வந்து எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கும், டொஃபியைப் பார்த்துக்கொண்டே அழும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் எந்த லாப் ரிப்போர்ட்டிலும் வராது.

கால் எந்த நிலையில் கிடக்கிறது என்பதையும் பாருங்கள். இடுப்பு மூட்டில் நீர் நிரம்பினால் பிள்ளை அந்தக் காலைச் சற்று மடக்கி, வெளிப்பக்கம் அகற்றி, வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கும். அந்த நிலையில்தான் மூட்டுறைக்குள் இடம் அதிகம், வலி குறைவு. முழங்காலென்றால் அரைவாசி மடக்கி வைத்திருக்கும்.

பிறந்து சில கிழமையான குழந்தையில் இவை எதையும் எதிர்பார்க்கவேண்டாம். காய்ச்சல்கூட இராது. ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருக்கும், நப்கின் மாற்றும்போது மட்டும் வீரிட்டு அழும், பால் குடிப்பது குறையும். “கைக்குப் பக்கவாதம் வந்திட்டுது டொக்டர்” என்று கொண்டுவருவார்கள். அசையாத ஒரு கையோடு வரும் பச்சைக் குழந்தைக்குத் தோள் மூட்டில் சீழ் இல்லை என்று நிரூபிக்கும்வரை வீட்டுக்கு அனுப்பவேண்டாம். இந்த வயதில் எலும்புக்குள் இருக்கும் தொற்று வளர்ச்சித் தட்டைக் கடந்து மூட்டுக்குள் இறங்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகளிலும் இருக்கலாம்.

கேட்க வேண்டியவை

எத்தனை நாள் என்பது முதல் கேள்வி. அதற்கு வரும் முதல் பதிலை நம்பவேண்டாம். “நேற்றுத்தான் டொக்டர்” என்பார்கள். நேற்று என்பது அவர்கள் பயந்த நாள். நான் வேறு விதமாகக் கேட்பேன்: கடைசியாக எப்போது ஓடி விளையாடினான்? கோயிலில், வீட்டில் சப்பாணி கட்டி இருக்கிறானா? மலசலகூடத்தில் குந்தி இருக்க முடிகிறதா? கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளையென்றால், தொழும்போது முழங்காலை மடக்கி இருக்கிறாளா? “இல்ல டொக்டர், ரெண்டு மாசமா காலை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், மதரசாவிலும் சொன்னாங்க” என்று ஓர் உம்மா சொன்னால், நேற்று விழுந்ததாகச் சொல்லப்பட்ட கதை அந்த இடத்திலேயே மாறிவிடுகிறது.

விழுந்த கதையை எப்போதும் எழுதிக்கொள்ளுங்கள், எப்போதும் சந்தேகப்படுங்கள். மூன்று வயதுப் பிள்ளை நாளுக்குப் பத்துத் தரம் விழும். அதில் ஒன்றைப் பிடித்துக் காரணமாக்குவது வீட்டாரின் இயல்பு.

அடுத்தது காலையா, மாலையா என்ற கேள்வி. வாதமுள்ள பிள்ளை காலையில் எழும்பும்போது விறைத்திருக்கும். கட்டிலில் இருந்து தூக்கி இறக்கச் சொல்லும், முற்றத்தைத் தாண்ட நொண்டும். பத்து மணிக்கு மேல் அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஓடும். பகலில் படுத்தெழும்பினால் திரும்பவும் நொண்டும். சீழுக்குக் காலை மாலை கிடையாது. அது ஒவ்வொரு மணித்தியாலமும் கூடிக்கொண்டே போகும், இரவில் தூங்கவிடாது.

இந்த ஊருக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. மூட்டு வலி என்றால் பிள்ளையைக் கன்னியாவுக்குக் கொண்டுபோய் வெந்நீர்க் கிணறுகளில் குளிக்கவார்ப்பது பல வீடுகளில் வழக்கம். இதைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் சிரிப்பதைக் கண்டிருக்கிறேன். சிரிக்கவேண்டாம், “குளித்த பிறகு எப்படி?” என்று கேளுங்கள். சூடு வாதத்தின் விறைப்பைத் தளர்த்தும். “குளித்து வந்து ஒரு மணித்தியாலம் நல்லா நடந்தான்” என்றால் அது ஒரு சிறு சாட்சி. “தண்ணி பட்டதும் கத்தினான்” என்றால் அது வேறு சாட்சி. இரண்டும் தீர்ப்பு ஆகாது.

எண்ணெய் பூசி உருவினார்களா, முறிவு வைத்தியரிடம் கட்டுப் போட்டார்களா என்பதையும் கேட்கவேண்டும். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் மறைப்பார்கள். இதைவிட முக்கியம், ஏற்கெனவே எங்காவது அன்டிபயோட்டிக் கொடுத்தார்களா என்பது. மருந்து உறையைக் கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு நாள் அமொக்ஸிசிலின் குடித்த பிள்ளையின் காய்ச்சல் இறங்கியிருக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஒன்றும் வளராது, மூட்டோ உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். நான் வேலை தொடங்கிய புதிதில் இப்படி ஒரு பிள்ளைக்கு நானே எழுதிக் கொடுத்தேன், தொண்டை சிவந்திருக்கிறது என்று. நொண்டுகிறான் என்று தாய் சொன்னதை ஊசி போட்ட வலி என்று நினைத்தேன். நான்காம் நாள் வந்தபோது இடுப்பைத் திறக்கவேண்டியிருந்தது. கால் நொண்டும் பிள்ளைக்கு, காரணம் தெரியாமல் நான் அதற்குப் பிறகு அன்டிபயோட்டிக் எழுதியதில்லை.

தொடும் ஒழுங்கு

நல்ல காலில் இருந்து தொடங்குங்கள். பிள்ளையைத் தாயின் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நோகும் மூட்டைக் கடைசியாகத் தொடவேண்டும், முதலில் தொட்டால் பிறகு எதையும் பார்க்கவிடாது.

முழங்கால் வலி என்று வரும் ஒவ்வொரு பிள்ளையிலும் இடுப்பைப் பாருங்கள். இடுப்பின் வலி முழங்காலில் தெரியும். இரண்டுக்கும் பொதுவான நரம்புகள் உண்டு. முழங்காலை எக்ஸ்-ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பி, இடுப்பை இழந்த கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. பிள்ளை நேராகப் படுத்திருக்க, தொடையை மெல்ல உள்ளும் வெளியும் உருட்டுங்கள். இந்தச் சிறு அசைவுக்கே உடலை விறைத்து அழுதால் இடுப்பு உள்ளே ஏதோ சொல்கிறது.

சீழ் பிடித்த மூட்டு எந்தப் பக்கமும் அசையவிடாது. ஐந்து பாகை மடக்கினாலும் கத்தும். வாத மூட்டு குறிப்பிட்ட எல்லைவரை மடங்கும், கடைசியில்தான் நோகும். வீக்கம் பெரிதாக இருக்கும், வலி அந்த அளவுக்கு இராது. இந்தப் பொருத்தமின்மைதான் வாதத்தின் கையெழுத்து. சூடு இரண்டிலும் உண்டு. தோல் சிவந்து பளபளத்தால் வாதத்தின் பக்கம் சாயவேண்டாம். நமது பிள்ளைகளின் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, ஆகவே மற்ற முழங்காலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பிறகு தொடைத் தசை. வீங்கிய முழங்காலுக்கு மேலே தசை மெலிந்திருந்தால் இந்த நோய் இன்று நேற்று வந்ததல்ல. அளவு நாடாவால் இரண்டு தொடைகளையும் அளந்து எழுதுங்கள். முழங்கால் வாதம் மாதக்கணக்கில் இருந்தால் அந்தக் கால் மற்றதைவிடச் சற்று நீண்டுகூட இருக்கும். நாட்பட்ட அழற்சி வளர்ச்சித் தட்டுக்கு இரத்தத்தைக் கூட்டிவிடுகிறது.

நோகிறது என்று சொல்லாத மூட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்: விரல்கள், மணிக்கட்டு, கழுத்து, தாடை. யாருக்கும் தெரியாமல் இன்னொரு மூட்டு வீங்கியிருந்தால் வாதத்தின் பக்கம் தராசு இறங்கும். இடுப்பு மட்டும் தனியாக நோகும் சின்னப் பிள்ளையிலோ ஜே.ஐ.ஏ. என்ற எண்ணத்தைத் தள்ளியே வையுங்கள். ஒருசில மூட்டுகளை மட்டும் தாக்கும் வகை இடுப்பில் தொடங்குவது மிக அரிது, அதற்கு விருப்பமான இடம் முழங்கால். ஆறு வயதைத் தாண்டிய பையன், இடுப்பு நோகிறது, குதிகாலும் நோகிறது என்றால் அது தனி வகை. தசைநாண் எலும்பில் ஒட்டும் இடங்களை அழுத்திப் பாருங்கள்.

இரண்டுமே இல்லாதவை

சிக்குன்குன்யா பல மூட்டுகளை இரண்டு பக்கமும் பிடிக்கும், வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். டெங்கு உடம்பை உளையவைக்கும், மூட்டை வீங்கவைக்காது. ஆனால் மூட்டு வலியோடு காய்ச்சலும் உள்ள பிள்ளைக்கு டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுப்ரோஃபென், டைக்குளோஃபெனக் எதுவும் கொடுக்கவேண்டாம், பனடோல் மட்டும். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியதைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

வாதக் காய்ச்சல், அதாவது ருமேட்டிக் ஃபீவர், நம் நாட்டில் இன்னும் போய்விடவில்லை. தொண்டை நோ வந்து இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு முழங்கால், அது மாறும்போது கணுக்கால், பிறகு மணிக்கட்டு என்று தாவும். இதயத்தைக் கேட்டுப் பாருங்கள். அஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் மூட்டு அடங்கிவிடும், தாவும் கதையும் அத்தோடு மறைந்துவிடும். அதனாலும்தான் அவசரப்பட்டு எழுதவேண்டாம் என்கிறேன்.

ஆண்பிள்ளை, சின்ன அடிக்கே முழங்கால் பந்துபோல் வீங்கியது, மாமனுக்கும் இப்படி இருந்தது என்றால் ஊசியைக் கீழே வையுங்கள். இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியாவாக இருக்கலாம்.

லூகீமியா என்ற இரத்தப் புற்றுநோயைப் பற்றி மட்டும் நின்று பேசவேண்டும். மூட்டைத் தொட்டுப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் இரவில் எழும்பி எழும்பி அழுகிறது, எலும்பை அழுத்தினால் துள்ளுகிறது. அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். உயர்ந்திருக்கும்போது குருதிச் சிறுதட்டுகளும் உயர்ந்திருப்பதுதான் அழற்சியின் வழக்கம். ஈ.எஸ்.ஆர். 90, சிறுதட்டு 1,60,000 என்று வந்தால் லாப் தாளில் சிறுதட்டுக்கு நட்சத்திரக் குறி இராது, அது சாதாரண எல்லைக்குள்தான் தெரியும். ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்தப் பிள்ளைக்கு யாரும் ஸ்டீரொய்ட் கொடுக்க முன் இரத்தப் படத்தை ஒரு நிபுணர் பார்க்கவேண்டும். கொடுத்துவிட்டால் நோய் மறைந்து நின்று, பிறகு கடினமாகத் திரும்பும்.

சளி, தடிமன் வந்துபோன பிறகு இடுப்பு நோவோடு வரும், காய்ச்சல் இல்லாத, விளையாட்டுக் குணம் மாறாத பிள்ளைக்குத் தற்காலிக அழற்சியாக இருக்கலாம். சில நாளில் தானே மாறும்.

இரத்தம் எடுத்த பிறகு

முழு இரத்த எண்ணிக்கை (எஃப்.பி.சி.), சி.ஆர்.பி. (இதுவும் அழற்சியைக் காட்டுவது), ஈ.எஸ்.ஆர்., ப்ளட் கல்ச்சர். நாலும் ஒரே குத்தில், அன்டிபயோட்டிக்குக்கு முன். வாதத்துக்காகப் பார்க்கும் எதிர்பொருள் பரிசோதனைகளான ஏ.என்.ஏ., ருமட்டொய்ட் ஃபக்டர் இரண்டையும் அந்த இரவில் கேட்கவேண்டாம். ஆரோக்கியமான பிள்ளைகளிலும் ஏ.என்.ஏ. பொசிட்டிவாக வரும், ஜே.ஐ.ஏ. உள்ள பெரும்பாலான பிள்ளைகளில் ருமட்டொய்ட் ஃபக்டர் நெகட்டிவ்தான். தொண்டைக் கிருமிக்கு எதிரான ஏ.எஸ்.ஓ.டி. உயர்ந்திருக்கிறது என்று மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்கு வாதக் காய்ச்சல் முத்திரை குத்துவதும் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. எப்போதோ தொண்டை நோ வந்ததற்கு மேல் அது எதையும் சொல்லாது.

கோச்சர் அளவுகோலைப் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். 1999இல் பொஸ்டனில் இருந்து வந்தது: 38.5 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காலை ஊன்ற மறுப்பது, ஈ.எஸ்.ஆர். 40க்கு மேல், வெண்குருதிக் கலங்கள் 12,000க்கு மேல். நாலும் இருந்தால் சீழாக இருக்கும் வாய்ப்பு 99.6 வீதம், மூன்று இருந்தால் 93, இரண்டு இருந்தால் 40, ஒன்று மட்டுமென்றால் 3 என்றார்கள். 2004இல் அதே குழு புதிய பிள்ளைகளில் சோதித்துப் பார்த்தபோது நாலுக்கு 93 ஆகவும் மூன்றுக்கு 73 ஆகவும் இறங்கியது. ஒன்றுக்கு 9.5 ஆக ஏறியது. 2006இல் ஃபிலடெல்ஃபியாவில் சி.ஆர்.பி. 20க்கு மேல் என்பதையும் சேர்த்தார்கள்.

இதைப் பயன்படுத்துங்கள், ஆனால் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறக்கவேண்டாம். அது இடுப்புக்கு மட்டும். அதுவும் சீழையும் தற்காலிக அழற்சியையும் பிரிக்க. சீழையும் ஜே.ஐ.ஏ.யையும் பிரிக்க யாரும் அதைச் செய்யவில்லை. முழங்காலுக்குக் கோச்சர் எண் போட்டு, “இரண்டுதான், காலையில் பார்ப்போம்” என்று எழுதிய குறிப்புகளை நான் வாசித்திருக்கிறேன்.

சி.ஆர்.பி.யை இப்படிப் பாருங்கள். ஒரு முழங்கால் மட்டும், ஒரு மாதமாக வீக்கம், நடக்கிறான், சி.ஆர்.பி. சாதாரணம்: வாதம் என்று சாயலாம். ஒரு முழங்கால், இரண்டு நாள், தொடவிடவில்லை, சி.ஆர்.பி. 120: சீழ். பல மூட்டுகள், இரண்டு கிழமைக்கு மேல் காய்ச்சல், சி.ஆர்.பி. 120: இங்கேதான் குழப்பம், உடம்பு முழுவதையும் பிடிக்கும் ஜே.ஐ.ஏ. இப்படியே வரும். அதில் காய்ச்சல் நாளுக்கு ஒரு தரம் உச்சிக்கு ஏறி, முற்றாக இறங்கும். இறங்கிய நேரத்தில் பிள்ளை சிரித்து விளையாடும். ஏறும்போது உடம்பில் ஒரு தடிப்பு வந்து, இறங்கும்போது மறையும். நீங்கள் வாட் ரவுண்டுக்கு வரும் காலை எட்டு மணிக்கு அது இராது. தாயின் கையில் ஃபோன் இருக்கிறதல்லவா, காய்ச்சல் ஏறும் நேரம் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

காய்ச்சல் தொடங்கி ஆறு மணித்தியாலத்துக்குள் எடுத்த சி.ஆர்.பி. சாதாரணமாக இருந்தால் அதை நம்பாமல் மறுநாள் திரும்ப எடுங்கள். ஈ.எஸ்.ஆர். இன்னும் மந்தமானது, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நாள் எடுக்கும்.

ஊசி

ஒற்றை மூட்டு, திடீர் வீக்கம், அசையவிடவில்லை. அந்த மூட்டில் இருந்து திரவம் எடுக்காமல் சீழில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரத்தப் பரிசோதனை எதுவும் அதற்கு ஈடாகாது.

முழங்காலை வாட்டிலேயே, தகுந்த மயக்கத்தோடு, பழகிய ஒருவர் செய்யலாம். இடுப்பை ஸ்கேன் உதவியோடு அல்லது சத்திரசிகிச்சைத் தியேட்டரில்தான் செய்யவேண்டும். மேல் தோலில் புண்ணோ, செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்றோ இருந்தால் அதன் ஊடாகக் குத்தவேண்டாம், வெளியில் இருப்பதை நீங்களே உள்ளே கொண்டுபோவீர்கள். சீழ் தடிப்பானது, மெல்லிய ஊசியில் வராது. ஒன்றும் வரவில்லை என்றால் மூட்டில் ஒன்றுமில்லை என்று பொருளல்ல.

குத்த முன் குப்பிகளை வரிசையாக எடுத்து வையுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கையில் திரவத்தோடு நின்று, “மிஸ், எந்தக் குப்பி?” என்று கேட்பார்கள். கல எண்ணிக்கைக்கு, எஃப்.பி.சி.க்கு இரத்தம் எடுக்கும் அதே குப்பி. அதில் போடாவிட்டால் திரவம் உறைந்து, எண்ணமுடியாது என்று தாள் திரும்பி வரும். கிருமியைச் சாயமிட்டுப் பார்க்கும் கிராம் ஸ்டெயினுக்கும் கல்ச்சருக்கும் கிருமி நீக்கிய வெற்றுக் குப்பி. மீதி ஒரு மில்லிலீற்றர் ஆவது சிறுவர் ப்ளட் கல்ச்சர் போத்தலுக்குள், கட்டிலருகிலேயே. இந்தக் கடைசிப் போத்தலைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஆறு மாதத்துக்கும் நாலு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் கிங்கெல்லா கிங்கே என்ற பக்டீரியா மூட்டைப் பிடிக்கும். சாதாரணத் தட்டில் அது வளர மறுக்கும், இந்தப் போத்தலில் வளரும். அதன் நோயும் சாந்தமானது: காய்ச்சல் குறைவு, சி.ஆர்.பி. அவ்வளவு ஏறாது. வாதமென்று நம்மை ஏமாற்றுவதில் அதற்கு நிகர் காசநோய் மட்டும்தான்.

முடிவு வரும்போது எண்களை எப்படி வாசிப்பது? வெண்குருதிக் கலங்கள் 50,000க்கு மேல், அதில் பத்தில் ஒன்பது நியூட்ரோஃபில் வகை என்றால் சீழாகவே நடத்துங்கள். ஜே.ஐ.ஏ.யில் வழக்கமாக 2,000க்கும் 50,000க்கும் இடையில் நிற்கும், ஆனால் தாண்டிப் போன பிள்ளைகளும் உண்டு. தொடக்க நிலைச் சீழிலும் கிங்கெல்லாவிலும் காசநோயிலும் எண்ணிக்கை குறைவாக வரும். 30,000 என்று வந்த தாளைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விடவேண்டாம், பிள்ளையைத் திரும்பப் போய்ப் பாருங்கள். கிராம் ஸ்டெயின் பாதிக்கு மேற்பட்ட தடவை ஒன்றும் காட்டாது, கல்ச்சரும் மூன்றில் ஒரு பங்கில் வெறுமையாகவே வரலாம். கிருமி தெரிந்தால் உண்டு. தெரியாவிட்டால் இல்லை என்று ஆகாது.

திரவம் எடுத்த கையோடு அன்டிபயோட்டிக். பெரும்பாலும் எதிரி ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ், ஆகவே ஃப்ளுக்ளொக்ஸசிலின் வகை. பச்சைக் குழந்தைக்குக் கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கும் சேர்த்து. சின்னப் பிள்ளையில் கிங்கெல்லாவுக்கு ஒரு செஃபலோஸ்போரின் பொருந்தும். 2008இல் ஹீமோஃபிலஸ் கிருமிக்கான ஹிப் தடுப்பூசி ஐந்து நோய் தடுப்பூசிக்குள் வந்தபின், தடுப்பூசி அட்டை முழுமையாக உள்ள பிள்ளையில் ஹீமோஃபிலஸைப் பற்றிய பயம் குறைவு. அளவுகளை உங்கள் வைத்தியசாலை வழிகாட்டலில் பாருங்கள். பிள்ளை அதிர்ச்சி நிலையில் இருந்தால் ஊசிக்காகக் காத்திராமல் ப்ளட் கல்ச்சர் எடுத்தவுடன் மருந்து.

மழைக்காலத்தில் இன்னொன்று. ஒக்டோபரில் இருந்து ஜனவரிவரை வயல் சேறும் குளத்து நீரும் பிள்ளைகளின் விளையாட்டிடம். சேற்றிலும் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் இந்த மண்ணில் உண்டு, மூட்டையும் பிடிக்கும். தாலசீமியா உள்ள பிள்ளைகள் கூடுதல் கவனத்துக்குரியவர்கள். ஃப்ளுக்ளொக்ஸசிலின் அதைத் தொடாது, ஜென்டாமைசினும் தொடாது, செஃப்டசிடிம் அல்லது மெரொபெனம் வேண்டும். லாபுக்குச் சந்தேகத்தை எழுதி அனுப்புங்கள். எழுதாவிட்டால் வளர்ந்த கிருமியைச் சாதாரணச் சூடோமொனஸ், கலப்படம் என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு.

படங்கள்

எக்ஸ்-ரே எடுங்கள், முறிவும் கட்டியும் இருந்தால் தெரியும். எலும்புத் தொற்றின் அடையாளம் அதில் வர 10 முதல் 14 நாள் ஆகும். ஸ்கேன் நீர் இருக்கிறதா என்று சொல்லும், அந்த நீர் சீழா என்று சொல்லாது. எம்.ஆர்.ஐ. நல்லது, அதற்காகத் தியேட்டரைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

அனுப்பும்போது

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டதற்கு முன் கடலேரியைக் கடக்கப் படகுப் பாதைக்காக நின்ற காலத்தை மூத்த தாதியர் சொல்வார்கள். இன்று வீதி நன்று. ஆகவே தாமதம் பெரும்பாலும் நம் மேசையில்தான் நிகழ்கிறது. சந்தேகம் வந்தவுடன் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் பேசுங்கள், ஈ.எஸ்.ஆர். வரும்வரை காத்திருக்கவேண்டாம். பிள்ளைக்கு வாய்வழி ஒன்றும் கொடுக்காமல், கனுலா போட்டு, ப்ளட் கல்ச்சர் எடுத்து, காலைச் சிம்பு வைத்து அசையாமல் கட்டி, வலிக்குப் பனடோலை மலவாசல் வழியாக அளந்து கொடுத்து அனுப்புங்கள். கடிதத்தில் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும், அன்டிபயோட்டிக் கொடுத்திருந்தால் அந்த நேரத்தையும் எழுதவேண்டும். கல்ச்சர் போத்தல்கள் அதே அம்புலன்ஸில் பிள்ளையோடு போகட்டும். அடுத்த நாள் லாபுக்குப் போகும் பெட்டியில் போடாதீர்கள்.

தாய்க்கு என்ன சொல்வது? “மூட்டுக்குள் சீழ் இருக்குமோ என்று சந்தேகம், ஊசியால் பார்த்தால்தான் தெரியும், இருந்தால் இன்றிரவே கழுவ வேண்டும்.” இவ்வளவும் போதும். “ஒன்றுமில்லை, பயப்படவேண்டாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டால் அங்கே தியேட்டர் கையொப்பத்துக்கு அவர் மறுப்பார், அது அவருடைய குற்றமாகாது. அம்மம்மா அல்லது உம்மம்மா கூட வந்திருந்தால் அவரையும் இருத்திச் சொல்லுங்கள். பல வீடுகளில் முடிவு அவர் வாயில் இருந்துதான் வரும்.

சீழ் இல்லை என்று தெரிந்த பின்

இரண்டு மூன்று நாள் மருந்தும் கழுவலும் முடிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை, சி.ஆர்.பி. இறங்கவில்லை என்றால் மருந்தை மாற்ற முன் யோசியுங்கள். பக்கத்து எலும்பில் சீழ் இருக்கிறதா, வடியாத சீழ் தங்கியிருக்கிறதா, வேறு கிருமியா, அல்லது முதலில் இருந்தே வாதமா? கல்ச்சர் வெறுமையாக வந்து, ஒரே முழங்காலுக்கு மூன்றாவது முறை அன்டிபயோட்டிக் எழுதப்படும் பிள்ளையைக் கண்டால் அந்தச் சீட்டை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைக்கு வாதமோ காசநோயோ என்று பார்க்க வேண்டிய காலம் ஏற்கெனவே கடந்துவிட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜே.ஐ.ஏ. என்று தெரிந்து மெதொட்ரெக்ஸேட் குடிக்கும் பிள்ளை, மற்ற மூட்டுகள் அடங்கியிருக்க ஒன்று மட்டும் திடீரென வீங்கி வருகிறது. “வழக்கமான வாதம்தான்” என்று க்ளினிக் கொப்பி சொல்லும். அந்த ஒரு மூட்டைச் சீழாக எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டுக்குள் ஸ்டீரொய்ட் ஊசி போட்டு நாள் ஆகாத பிள்ளையென்றால் இரட்டிப்பாக. இந்த மருந்துகள் காய்ச்சலையும் சி.ஆர்.பி.யையும் அமுக்கிவிடும்.

ஜே.ஐ.ஏ. என்று பெயர் வைக்க 6 கிழமை வேண்டும், ஆனால் நிபுணரிடம் அனுப்ப 6 கிழமை காத்திருக்கவேண்டியதில்லை. அனுப்பும் அதே நாளில் கண் க்ளினிக்குக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த நோயில் கண்ணுக்குள்ளும் அழற்சி வரும், சின்னப் பெண்பிள்ளைகளில், ஒருசில மூட்டுகளை மட்டும் பிடித்த வகையில் அதிகம். கண் சிவக்காது, நோகாது, பிள்ளை ஒன்றும் சொல்லாது. கண் வைத்தியரின் ஸ்லிட் லாம்ப் கருவியில் மட்டும் தெரியும், பார்வை போன பிறகுதான் வீட்டாருக்குத் தெரியும். அபாயம் கூடிய பிள்ளைகளை மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தரம் பார்க்கவேண்டும். முழங்கால் சுகமானதும் தாய்மார் கண் க்ளினிக்கை நிறுத்திவிடுவார்கள். ஆகவே அந்தத் திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில், தாய்க்கு விளங்கும் மொழியில், நீங்களே பெரிதாக எழுதிக் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் எழுதினால் யாரும் பார்ப்பதில்லை.